தரை தெரிகிற விளக்கு

2008 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன். சவரம் செய்துகொண்டேன். செருப்புகளைத் துடைத்து வரிசையாக வைத்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. அன்று லீவு போட்டுவிட்டு, சோலார் விளக்கு வாங்க வேலூர் பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், காலி மனையைத் தாண்டி, தோல் பதனிடும் ஒரு சிறிய ஷெட் இருந்தது. தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டிய சதையையும் கொழுப்பையும் காலி மனையில் கொட்டுவார்கள். இருட்டியதும் நாய்கள் அதை எங்கள் தோட்டத்துக்கு இழுத்து வரும்; விடிந்ததும் காக்கைகள் தூக்கிப் போய்விடும். அதற்கு முந்தைய வாரம், மாலை மின்வெட்டில் துணி எடுக்கப் போன என் மனைவி வெறுங்காலோடு அதை மிதித்துவிட்டாள். வழுவழுவென்று விரலிடுக்கில் ஏறிவிட்டது. எத்தனை சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை.

"கீழ இன்னா கெடக்குதுன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா நான் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்கே போய்ட்றேன். நீங்க இந்த வீட்டக் கட்டிக்கிட்டு இருங்க."

அவள் நர்ஸ். புண்ணும் சீழும் பார்த்துப் பழகியவள். அவளே அப்படிச் சொன்னதும் பயந்துவிட்டேன்.

லாங் பஜார் கடைக்காரர் மேசை நிறையப் பரப்பினார். பிளாஸ்டிக் காளான், தாமரை, கொக்கு. எல்லாம் மண்ணில் குத்தி வைக்கும் வகை. கொக்கை மேசைக்கு அடியில் இருட்டில் வைத்துப் பார்த்தேன். அதன் வயிறு மட்டும் நீலமாக மினுங்கியது. பக்கத்திலிருந்த என் செருப்பு தெரியவில்லை.

"வெளிச்சம் கம்மியா இருக்கே?"

"இது அழகுக்கு சார்."

"எனக்குத் தரை தெரியணும்."

"தரையில இன்னா சார், பொதையலா வெச்சிருக்கீங்க?"

என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். பிறகு உள்ளேயிருந்து ஒரு குழல்விளக்கையும் தகரப் பெட்டியில் பேட்டரியையும் எடுத்து வந்தார். சோலார் தகட்டைத் தனியாகக் கூரையில் பொருத்த வேண்டும்.

"பாக்க அசிங்கமா இருக்கும் சார். ஆனா ஊசி வுழுந்தாலும் பொறுக்கலாம்."

அதையே வாங்கினேன். பேட்டரியில் ஏற்கெனவே சார்ஜ் இருந்தது. மதியமே எலக்ட்ரீஷியன் பின்வாசலுக்கு மேல் விளக்கை மாட்டினார்.

மாலையில் கரண்ட் போனதும் சுவிட்சைப் போட்டேன். தோட்டம் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. கொய்யா மரத்தடியில் சாம்பல் நிறக் கட்டிகள் கிடந்தன, மயிர் ஒட்டியபடி. துவைக்கும் கல்லில் ஒன்று. கொடிக்குக் கீழே கிடந்ததில் புழு நெளிந்தது. கறிவேப்பிலைச் செடியின் மேல் நீளமாக ஒரு சவ்வு தொங்கியது. மதியச் சட்னிக்கு அந்தச் செடியில்தான் இலை பறித்திருந்தோம்.

"அணைங்க," என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு.

அணைத்தேன். இருவரும் இருட்டில் நின்றோம்.

"ஏதோ ஒண்ணு ரெண்டுன்னு நெனச்சேன். இதுக்கு நடுவுலயா குடித்தனம் பண்ணியிருக்கோம்? திங்கக்கெழம குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் குடுத்துட்றேன்."



மறுநாள் காலை, காக்கைகள் வருமுன், பல்கூடத் துலக்காமல், மண்வெட்டியும் சிமெண்டுச் சாக்கும் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். ஒரு துண்டு விடாமல் வாரினேன். முதல் சாக்கு நிறைந்தபோது, ஆஸ்பத்திரி கையுறை மாட்டிக்கொண்டு அவள் வந்தாள். அடுத்த சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

"எங்க கொட்டப் போறீங்க?"

"அவங்க ஷெட்டு கேட்டுல."

"கேட்டுல வேணாம். மொதலாளி கார் நிறுத்துற எடத்துல கொட்டுங்க. நானும் வர்றேன்."