கிழித்தெடுத்த கடைசி அத்தியாயம்

கோடையில் மனசு லேசாகப் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று மகள் செல்போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். பார்த்ததுமே மைதாப் பசையும் மயில்துத்தமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் எங்கள் தெருமுனையில் இருந்த வாடகைப் புத்தகக் கடையின் வாடை அது. பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை தடவி, காலிகோ துணி அட்டை போட்டு பைண்டு பண்ணி அடுக்கியிருப்பார் கடைக்கார அண்ணன். முழுப்பரீட்சை லீவில், அந்தத் தகரக் கூரைக்கடியில் வெந்தபடி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து நான் ஒரு மர்மக்கதையை எடுத்தால், கையில் கொடுக்கும்போதே, "கொன்னது டாக்டரு பாப்பா" என்று இளிப்பார். லீவு முழுக்க இப்படித்தான். அழுதால் இன்னும் சிரிப்பார்.

அவரே பாதி படித்து, தீப்பெட்டி அட்டையை அடையாளம் வைத்திருந்த ஒரு மர்மக்கதையில், அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கடைசி அத்தியாயத்தை மட்டும் கிழித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கடை போய், அந்த இடத்தில் செருப்புக்கடை வந்து பல வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் நரைத்துப்போன அண்ணன் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதான பாப்பா கிழிச்ச? அது போகட்டும். எம்புட்டோ பேருகிட்ட கேட்டுட்டேன். கொன்னது யாரு, அத மட்டும் சொல்லிரு."

ஒத்தக்கடை பஸ் வந்தது. "வாரேண்ணே" என்று ஏறிவிட்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்தபோது மனசு இருந்த லேசு இருக்கிறதே, மகளே, அதைத் தருகிற புத்தகம் உன் பட்டியலில் இல்லை.