பிளேன்டீயும் பால்டீயும்

இன்சுலினுக்கு ஒரு வாசனை உண்டு. புதிதாகப் பிரித்த பிளாஸ்டரின் வாசனை அது. பதுளையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் காலையில் தோசை மணத்துக்கு முன்னால் அதுதான் எழும். எனக்குச் சிறுவயதிலேயே நீரிழிவு வந்துவிட்டதால், இரண்டு கண்ணாடிக் குப்பிகள் எப்போதும் பிரிட்ஜின் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். ஒன்றில் தண்ணீர்போலத் தெளிந்த மருந்து. சீக்கிரம் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மற்றதில் பால்போலக் கலங்கிய மருந்து. மெல்லத் தொடங்கி நெடுநேரம் தாங்கும். அவற்றின் பெயர்கள் வாயில் நுழையாத அப்பா, பால் விடாத தேநீரை நினைத்து முதலாவதற்கு "பிளேன்டீ" என்றும் இரண்டாவதற்கு "பால்டீ" என்றும் பெயர் வைத்துவிட்டார்.

காலையிலும் இரவிலும் இரண்டையும் ஒரே ஊசியில் கலந்து போட வேண்டும். பால்டீயைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். ஆனால் ஊசிக்குள் முதலில் இழுப்பது பிளேன்டீயை. மாற்றி இழுத்தால் கலங்கல் ஒரு துளி தெளிந்த குப்பிக்குள் போய் அதன் வேகத்தைக் கெடுத்துவிடும். "பிளேன்டீ முந்தி, பால்டீ பிந்தி" என்பது அம்மாவின் மந்திரம். பகலில் பிளேன்டீ மட்டும்; போட்ட அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு என்னைத் தனியாக அழைத்துப் போகப் பெரியம்மா வந்து நின்றபோது, அம்மா முடியாது என்றார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிரிட்ஜ் இல்லை என்பது அவருடைய வாதம்.

"எங்க லயமே பிரிட்ஜ்தான்டி! கம்பளிய போத்திக்கிட்டு நாங்க நடுங்குறோம், ஒன் மருந்து கெட்டுப் போயிடுமாக்கும்?" என்றார் பெரியம்மா.

அம்மா சிரித்துவிட்டார். ஊசி போட்டால் உடனே சோறு போட வேண்டும் என்று பெரியம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, "ஏதாச்சும் ஆச்சு, இனி அங்குட்டுப் போற பேச்சே கெடையாது" என்று எனக்கும் சொல்லி அனுப்பினார். எனக்கு அதுதான் பயம். அக்கா தங்கைகளோடு படுத்து உருள்வதற்கு எனக்கு இருந்த ஒரே இடம் பெரியம்மா வீடு.

திருவிழா அன்று பகல், வீட்டுக்குள் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். தப்பு மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது.

"பெரியம்மா, பிளேன்டீ போட்டுட்டேன்!" என்று கத்தினேன்.

"நீயே போட்டுக்கிட்டியா? கெட்டிக்காரி! அப்ப பசி தாங்கும். பூசை முடியட்டும், சாப்புடலாம்."

தமிழில் ஊசியையும் போடுகிறோம், டீயையும் போடுகிறோம். எங்கள் வீட்டுப் பட்டப்பெயர்களைப் பெரியம்மாவுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பூசை இதோ முடிந்துவிடும் என்று நானும் நின்றேன். பூசாரிக்கு அருள் வந்தது. வந்த அருள் இறங்க மறுத்தது. அந்தக் குளிர்காற்றிலும் எனக்கு முதுகில் வேர்த்தது; உதடு மரத்து, கை நடுங்கியது. பெரியம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"பெரியம்மா, சோறு..."

"என்னடி இப்புடி வேர்க்குது? இப்பத்தானே பிளேன்டீ குடிச்ச?"

"குடிக்கல. அது ஊசி!"

பெரியம்மாவுக்கு அம்மாவிடம் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. என்னை அணைத்துத் தூக்கிக்கொண்டு பக்கத்து லயத்து அடுப்படிக்குப் போனார். தோட்டத்தில் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டுதான் தேநீர் குடிப்பார்கள். அங்கே சீனியும் தேயிலைச் சாயமும் தயாராக இருந்தன. என் கை நிறையச் சீனியைக் கொட்டி, "நக்குடி!" என்று அதட்டி, இன்னும் சீனி கரைத்த பிளேன்டீயைப் புகட்டினார். நடுக்கம் நின்றதும் சோறும் வந்தது. பிளேன்டீ இறக்கிய சர்க்கரையைப் பிளேன்டீயே ஏற்றிவிட்டது என்று லயமே சிரித்தது.

பதுளைக்குத் திரும்பியதும் நான் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார், பூசாரி ஆடியதை ஆடிக்காட்டி. அம்மா முகம் இறுகி, பிறகு அப்பாவின் பக்கம் திரும்பியது. "பேரு வச்ச பெரிய மனுசனக் கேளுங்கக்கா!" அடுத்த திருவிழாவுக்கும் என்னை அனுப்பினார். ஒரே நிபந்தனை, தோட்டத்தில் ஊசியை ஊசி என்றே சொல்ல வேண்டும்.

இப்போது என் கைப்பையில் இருப்பவை பேனா வடிவ ஊசிகள் இரண்டு. ஒன்று சாப்பாட்டு நேரங்களுக்கு, மற்றது நாள் முழுவதும் தாங்குவதற்கு. இரண்டையும் கலக்கவே கூடாது. குப்பிகள் போயின, உள்ளங்கையில் உருட்டுவதும் போயிற்று. பால்டீயும் இல்லை, நீண்டநேர மருந்தும் இப்போது தண்ணீராகத் தெளிந்திருப்பதால், எது எதுவென்று பெயரைப் படித்துத்தான் எடுக்கிறேன்.

பெரியம்மா மட்டும் பகல் வேளையில் பூனாகலையிலிருந்து போன் எடுத்தால் இன்னும் கேட்பார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு பெரியம்மா."

"ஊசியா, டீயா?"

"ஊசி."

"அப்ப போனை வச்சுட்டுப் போய்ச் சாப்புடு!"