நடுவட்டத்தில் நின்ற துளசிங்கம்

துளசிங்கத்தின் உயரத்தைப் பற்றித் திருத்தணியில் இரண்டு கருத்து இருந்ததில்லை. பஜாரில் கட்டியிருக்கும் படுதாவுக்குக் குனியாமல் அவன் போனதை யாரும் பார்த்ததில்லை. அவன் திறமையைப் பற்றியும் ஊரில் வெகுகாலம் ஒரே கருத்துதான் இருந்தது.

அந்தக் கருத்து பிறந்தது 1931இல். மிஷன் பள்ளி மைதானத்தில் பாஸ்கெட்பால் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அப்போதைய விதிப்படி, வளையத்தில் பந்து விழுந்ததும் ஆட்டம் நின்றுவிடும். பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டு வருவார்கள். பக்கத்துக்கு ஒருவர் எதிரெதிரே நிற்க, நடுவர் பந்தை மேலே எறிவார். எகிறித் தட்டுகிறவன் கட்சிக்குப் பந்து. துளசிங்கத்துக்கு மேலே எகிற அரக்கோணம் ரயில்வே ஆட்களில்கூட ஒருவன் இல்லை. துளசிங்கம் தட்டுவான், அவன் மனைவி எல்லம்மாளின் அண்ணன் வீரபத்திரன் பிடித்து வளையத்தில் போடுவான், பந்து மறுபடி நடுவட்டத்துக்கு வரும். மறுபடி துளசிங்கம் தட்டுவான். அந்த வருஷம் அரக்கோணத்தாரை இப்படியே ஜெயித்து ஒரு வெள்ளிக் கோப்பையைக் கொண்டு வந்தார்கள்.

அந்தக் கோப்பைதான் அவனுக்குச் சோறு போட்டது. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, பையன்களுக்குப் பந்து கற்றுத் தருவது என்று பள்ளியில் ஒரு வேலை. மைதானத்து ஓரமாகக் குடியிருக்க ஓர் அறை. பதினைந்து வருஷம் அவனும் எல்லம்மாளும் அந்த அறையில் இருந்தார்கள்.

இதற்கிடையில் விதி மாறிவிட்டது. பந்து விழுந்தால் இனி நடுவட்டத்துக்கு வராது. எந்தக் கட்சியின் வளையத்தில் விழுந்ததோ, அந்தக் கட்சி வளையத்தடியிலிருந்தே எடுத்து எறிந்து ஓட வேண்டியதுதான். துளசிங்கம் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பழையபடியே பையன்களை எகிறச் சொல்லிக்கொண்டிருந்தான். 1946இல் சென்னையில் பயிற்சி பெற்ற சுந்தர்சிங் டிரில் மாஸ்டராக வந்து சேர்ந்தார். அவர் பொறுக்கியெடுத்த பையன்கள் எல்லாம் குட்டை. அவர்களும் அரக்கோணத்தாரை ஜெயித்து வந்தார்கள்.

அதிலிருந்து பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் வீரபத்திரன் வைத்திருந்த டீக்கடையில் வேறு பேச்சு இல்லை. அந்த டீம் பெரிதா, இந்த டீம் பெரிதா? பேசியவர்களில் பாதிப் பேர் இரண்டு டீமையும் பார்த்ததில்லை. பார்க்காததை ஒப்பிடுவது மனிதனுக்கு எப்போதுமே சுலபம்.

துளசிங்கம் அங்கே ஒரு நாள் சத்தமாகச் சொன்னான்: “எங்க டீம் இப்ப எறங்கினாக்கூட இந்தப் பசங்க தாங்கமாட்டானுங்க.”

பேச்சு தலைமையாசிரியர் பிரபுதாஸ் காதுக்குப் போனது. பந்து கற்றுத் தர இரண்டு ஆள் எதற்கு என்று அவர் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்தார். “ஆடிக் காட்டுங்க. பழைய டீம் ஜெயிச்சா மைதானம் துளசிங்கம் பொறுப்பு. தோத்தா மாஸ்டர் பொறுப்பு” என்றார். அறையும் மைதானத்தோடு சேர்ந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

சுந்தர்சிங் ஒரு யோசனை வைத்தார்: முதல் பாதி பழைய விதி, மறு பாதி புது விதி. அவரை நல்லவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம். நியாயமானவர் என்று சொல்லலாம்.

“பிச்சை போடறாரா மாஸ்டரு?” என்றான் துளசிங்கம்.

“வாங்கிக்க பாவா. பாதியாவது நம்மளுது” என்றான் வீரபத்திரன். தங்கை புருஷனை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

எல்லம்மாள் மட்டும் கேட்டாள்: “தோத்துட்டா எங்க போறது?”

“வாய வச்சிக்கினு சும்மா இரு. யாரு தோக்கறது?”

சனிக்கிழமை மாலை ஊரே மைதானத்தில் கூடியது. முதல் பாதியில் துளசிங்கம் தட்டினான், வீரபத்திரன் பிடித்தான், போட்டான். மறுபடி தட்டினான், பிடித்தான், போட்டான். முதலில் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கைதட்டல் ஓய்ந்தது. பின்னாலிருந்து ஒருவன் கொட்டாவி விட்டபடி, “இன்னாய்யா இது, ஏத்தம் எறைக்கிற மாதிரி கீது!” என்றான். கூட்டம் சிரித்தது. 1931இல் ஊர் தோளில் தூக்கிக் கொண்டாடியதும் இதே ஆட்டம்தான். ஒரு புள்ளிகூடக் குறைவில்லை. அவர்கள் இடையில் வேறொன்றைப் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பாதி முடிந்தபோது பழைய டீம் வெகுதூரம் முன்னால் இருந்தது.

மறு பாதியின் முதல் பந்து மட்டும் நடுவட்டத்தில் எறியப்பட்டது. துளசிங்கம் தட்டினான், வீரபத்திரன் போட்டான். உடனே துளசிங்கம் நடந்து போய் நடுவட்டத்தில் நின்றான். அதற்குள் ராஜமாணிக்கம் என்ற பையன் வளையத்தடியிலிருந்து பந்தை எறிந்து, அது துளசிங்கத்தின் இடுப்புப் பக்கமாகக் கடந்து, எதிர் வளையத்தில் விழுந்தும்விட்டது.

“அண்ணாத்தே! யாருக்குக் காத்துக்கினு கீற?”

“உடுடா, தேருக்கு முட்டுக்கட்டை போட்டுக்கினு கீறாரு!”

விதி அவனுக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவை பந்து விழும்போதும் அவை அவனை நடுவட்டத்துக்கே கொண்டு போயின. நினைவு வந்து அவன் திரும்பி ஓடும்போது பையன்கள் அங்கே இருக்கமாட்டார்கள். வீரபத்திரன் மூச்சு வாங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சேர்த்து வைத்திருந்த புள்ளிகளெல்லாம் கரைந்தன. பழைய டீம் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் சுந்தர்சிங் அவனிடம் வந்தார். பிரபுதாஸும் பக்கத்தில் நின்றார்.

“அண்ணே, மொத பந்து இன்னும் நடுவட்டத்துலதானே எறியறோம்? அதைத் தட்டறதுக்குப் பசங்களுக்கு நீங்க சொல்லிக் குடுங்க. கூடவே இருங்க.”

துளசிங்கம் வேர்வையைத் துடைத்தபடி ராஜமாணிக்கத்தை மேலும் கீழுமாகப் பார்த்தான். அவமானத்தில் வாய் முந்திக்கொண்டது. “இந்தக் குள்ளனுக்கு இன்னா சொல்லிக் குடுக்கறது? வளருடான்னா?”

பையன்கள் சிரித்தார்கள். பிரபுதாஸ் சிரிக்கவில்லை. “அப்போ இத்தனை வருஷம் இன்னாப்பா சொல்லிக் குடுத்த?” என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்டது போலத் தெரியவில்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். துளசிங்கம் அறையைப் பார்த்து நடந்தான். கூடவே இருங்க என்று சுந்தர்சிங் நீட்டிய கையை யாரும் பிறகு நினைவுபடுத்தவில்லை, சுந்தர்சிங் உட்பட.

அந்த மாதமே அறையைக் காலி செய்தார்கள். கண்டிகையில் டீக்கடைக்குப் பின்னால் வீரபத்திரன் ஒரு சாய்ப்புக் கூரை இறக்கித் தந்தான். எல்லம்மாள் வேர்க்கடலை பிடுங்கப் போனாள். பிறகு துளசிங்கமும் போனான். அத்தனை உயரத்துக்குக் குனிந்து கடலை பிடுங்குவது கஷ்டம். கூலி எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டு வருஷம் கழித்து சுந்தர்சிங்கின் பையன்கள் அரக்கோணத்தில் தோற்றுத் திரும்பினார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருவர் மேஜையைத் தட்டினார்: “துளசிங்கம் காலத்து டீமு இருந்திருந்தா இந்தக் கதி வருமா? அது டீமு!” எல்லாரும் ஆமோதித்தார்கள். ஏற்றம் என்று சொல்லிச் சிரித்தவனும் அங்கே உட்கார்ந்து ஆமோதித்தான்.

மூலையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்த துளசிங்கத்தைப் பார்த்து வீரபத்திரன் பூரிப்போடு கேட்டான்: “கேட்டியா பாவா?”

“ஆங், கேட்டேன்” என்றான் துளசிங்கம். “அந்த டீமு ஆடனதை அன்னிக்கு மைதானத்துல நானும் பாத்துட்டேன் மச்சான்.”

டம்ளரை வைத்துவிட்டு, கூரைக்குக் குனிந்து வெளியே போனான். உள்ளே பேச்சு தொடர்ந்தது.