மேளத்துக்குப் பின்னால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

போன வாரம் வாடிப்பட்டியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் யார்? சாட்சாத் நான்தான். சீர்த்தட்டுகளோடு கோயிலுக்கு ஊர்வலமாகப் போய், பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி முடிக்கிற வரை அங்கே நான்தான் ராஜா. அதற்கப்புறம் பந்தியில் தண்ணீர் வைக்கிற ஆள்.

ராஜா ஷேர் ஆட்டோவில் போகலாமா?

திருநகரில் என் நண்பன் செல்வம் இருக்கிறான். பழைய கார் என்றால் உயிர். அவன் ஷெட்டில் இரண்டு நிற்கின்றன. ஒன்று, கருப்பு பிரிட்டிஷ் கார் – நாலு கதவு, உயரமான கூரை, ரிட்டயர்டு தலைமையாசிரியர் மாதிரி முகம். இன்னொன்று, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் – இரண்டே கதவு, வழுக்கிச் சரிகிற கூரை, தரையை மோந்து பார்க்கிற உயரம்.

“மாப்ள, கருப்ப எடுத்துக்க” என்றான் செல்வம், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

முன்பே! அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. சர்வர் தானாக வந்து ‘இன்னைக்கு வடை சூப்பர் சார்’ என்றால், அது நேற்றைய வடை என்று கண்டுபிடிக்கிற மூளை இது. சும்மா விடுமா?

“ஏன், செவப்புக்கு என்ன?”

“அது ஓடுற வண்டி மாப்ள. ஊர்வலத்துக்கு ஆகாது.”

“காரு ஓடாம பின்ன என்னடா செய்யும்?”

கருப்புக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. இந்த வயதில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறதா? எதையோ மறைக்கிறது... சிவப்பு இருமியது, கனைத்தது, யோசித்துவிட்டுக் கிளம்பியது. அதில் ஒரு நேர்மை தெரிந்தது.

“ஏங்க, அதுல சீர்த்தட்ட எங்க வைக்கிறது? ஒங்க தொப்பைக்கே எடம் பத்தாது” என்றாள் மனைவி. சந்தேகம் வலுத்தது. இவளும் செல்வமும் பேசி வைத்துக்கொண்டார்களோ?

கடைசியில் சமரசம். சிவப்பில் நான், ஓட்டுவது செல்வம். பின்னால் கருப்பில் மனைவியும் சீர்த்தட்டுகளும், ஓட்டுவது செல்வத்தின் தம்பி.

வாடிப்பட்டியில் மேளம் ஆரம்பித்தது. மேளக்காரர்கள் இரண்டு அடி நடப்பார்கள், நின்று ஆடுவார்கள். காற்றோடு போட்டி போடப் பிறந்த கார், அவர்கள் பின்னால் ஆமையாக ஊர்ந்தது. உள்ளே என் முழங்கால் தாடையைத் தொட்டது. தலைப்பாகை கூரையில் நசுங்கியது. ஜனங்கள் குனிந்து குனிந்து காரைப் பார்த்தார்கள்.

“காரு அம்புட்டு அழகா இருக்கு. மாமன எங்கப்பா?”

“உள்ளாரதான் எங்கயோ கெடக்காப்ள!”

பின்னால் திரும்பினால்... உயர்ந்த சீட்டில், பெரிய ஜன்னல் வழியாக, என் மனைவி ஊருக்கே கையசைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் முன்னால் புகை. இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி. சிவப்பு நின்றுவிட்டது. என் போன் அடித்தது. தங்கச்சி.

“அண்ணே, எங்கண்ணே இருக்க? நல்ல நேரம் முடியப் போகுது. இங்க இவுக அண்ணன் மடியிலயே வச்சுக் குத்திரலாம்கிறாக!”

மாமன் உரிமை கை நழுவுகிறது! காலை வெளியே நீட்டினேன், உடம்பு வரவில்லை. இரண்டு மேளக்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் வந்துவிட்டேன். தலைப்பாகை வரவில்லை. செல்வம் தண்ணீர் பாட்டிலோடு பானெட்டைத் திறந்தான். ‘அப்பவே சொன்னேன்ல’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கருப்புக் காரில் ஏறினேன். வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தத் தலைமையாசிரியர் கொஞ்சம்கூடச் சூடாகாமல், மேளத்தின் நடைக்கே கோயில் வாசல் வரை கொண்டுபோய் இறக்கினார்.

“இந்தா வந்துட்டாருல்ல மாமன்!”

கடைசி நிமிடத்தில் பிள்ளை என் மடிக்கு வந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் தங்கம். மாமா பொய் சொல்வேனா?”

அவள் ஊசியைப் பார்த்தாள். ஆசாரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள் – ஷெட்டில் நான் கருப்புக் காரைப் பார்த்தேனே, அச்சு அசல் அதே பார்வை.

எங்கள் ரத்தம்தான். ஒரே வித்தியாசம்... அவள் சந்தேகப்பட்டது சரி.