மாத்திரை இருந்த விரதம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் எழுதுகிறேன். நடுவில் மறந்தும் போகும்.

நாமகிரிப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். அவர் மனைவி மில்லுக்குப் போகிறவள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் என் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருப்பாள் என்று எழுதிவிட்டேன், அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மஞ்சள் மூட்டை அடுக்கில் ஏறுவாள், வருகிற மொபெட்டுக்குக் குறுக்கே பாய்வாள். மோவாயில் தையல், நெற்றியில் புடைப்பு, முழங்கையில் கட்டு. ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று. தெருவில் யாருக்கும் கவலையில்லை. "துடியான புள்ள" என்று பெருமையாகச் சொல்லி, தையல் போட்ட அன்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள்.

டீச்சர் சொன்ன பிறகு அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். கவனம் ஓரிடத்தில் நிற்காது, நினைத்ததும் பாயச் சொல்லும், ஏ.டி.எச்.டி. என்று பெயர், வளர்ப்புக் குறை இல்லை என்றார் அந்த அம்மா.

"மாத்திரை போட்டா விழவே மாட்டாள்னு சொல்லலைங்க. பாயறதுக்கு முன்னால கொஞ்சம் யோசிப்பா, அடிபடறது குறையும். மத்தியானம் பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். எடையைப் பாத்துக்கிட்டே இருப்போம். நிறுத்தறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு நிறுத்துங்க."

காலை இட்லியோடு மாத்திரை ஆரம்பித்தது. மத்தியானச் சோறு டப்பாவில் மிச்சமாகி வந்தது உண்மைதான். பொழுது சாய்ந்ததும் தோசை தோசையாகக் கேட்டாள். நெற்றிக்குப் புதுப் புடைப்பு வரவில்லை. உட்கார்ந்து படம் வரைந்தாள்.

அப்போதுதான் தெருவுக்குக் கவலை பிறந்தது.

"ஏனுங்க, இத்தனூண்டு புள்ளைக்கு மாத்திரைங்களா? மந்தமாப் போயிருமுங்களே!"

ரத்தம் சொட்ட ஓடியபோது பழம் கொண்டுவந்தவர்கள், படம் வரைகிற பிள்ளையைத் துக்கம் விசாரிக்க வருவதுபோல் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊரில் கறி சமைப்பதில்லை. அம்மை போட்ட வீட்டில் மருந்து தொடக்கூடாது என்பது வேறு ஒரு வழக்கம். லோடு இறக்கிவிட்டுப் பண்டிகைக்கு வந்த பிள்ளையின் அப்பா இந்த இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, மூன்றாவதாக ஒன்று உருட்டினார்.

"காப்புக் கட்டியாச்சு. பண்டிகை முடியற வரைக்கும் ஊட்டுல இங்கிலீஷ் மருந்து ஆகாது."

மனைவி கேட்டாள்: "அப்ப உங்க சர்க்கரை மாத்திரை?"

"அது வேற, இது வேற. குறுக்க பேசாத."

எனக்கும் ஏதோ கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டரம்மாவைக் கேட்காமலே மாத்திரை நின்றது.

தீர்த்தக்குடம் வந்த அன்று மேளச் சத்தம் கேட்டதுதான் தாமதம், கையில் இருந்த முறுக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் நின்ற அப்பாவின் லாரியில் ஏறி, கேபின் மேலே நின்று ஆடினாள். "அம்மிணி, எறங்கு சாமி!" என்று அவர் கத்தினார். அவள் இறங்கினாள், படி வழியாக அல்ல. அங்கிருந்தே தாவினாள். மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. தலைக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, டயர் உருளாமல் அண்டக் கொடுக்கிற கருங்கல் கிடந்தது.

கை தொங்குகிறது, அவள் என்னைக் கேட்கிறாள்: "தீர்த்தக்குடம் போயிருச்சா ஆயா?"

மருந்தே ஆகாது என்றிருந்த வீட்டுக்கு அன்று சாயங்காலம் ஊசி, மாவுக்கட்டு, பை நிறைய மாத்திரை எல்லாம் வந்து சேர்ந்தன. யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆரஞ்சுப் பழமும் வந்தது.

"பிரேக்கைப் பாக்காம லாரிய எடுப்பீங்களா? புள்ளைக்கு மட்டும் இருந்த பிரேக்கைப் புடுங்கிட்டீங்க" என்றாள் மனைவி. அவர் எழுந்துபோய் அந்தக் கருங்கல்லை எடுத்துத் தோட்டத்துப் பக்கம் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் டாக்டரம்மாவுக்கு அவரே போன் போட்டார். கேட்ட பிறகு மாத்திரை மறுபடி ஆரம்பித்தது.

அடுத்த வருசம் காப்புக் கட்டுவதற்கு முன்னால் பூசாரியிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாராம். "புள்ளைக்கு மாத்திரை கொடுக்கலாமுங்களா, குத்தமாயிருமா?"

பூசாரி சிரித்தாராம். "நானே பிரஷர் மாத்திரை போட்டுட்டுத்தானப்பா வருசா வருசம் தீ மிதிக்கிறேன்! உனக்கு யாரு சொன்னது இந்தச் சட்டம்?"

சட்டம் போட்டவர் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துக் கொடுங்கள். டாக்டரம்மா சொன்னதை என் காதுக்கு எட்டின மட்டும் எழுதியிருக்கிறேன், தப்பாக இருந்தால் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுத் திருத்துங்கள். முறிந்தது வலது கையா இடது கையா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவளையே கேட்டுவிடலாம். ஆனால் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள், நானாகப் போய் எழுப்புவதாக இல்லை.