எங்கள் வைக்கோல் காளையைத் தின்ற நிஜக் காளை

போன வருடம் மாசி மாதம், அலங்காநல்லூர் பக்கம் அறுப்பு முடிந்து ஈரம் காயாத ஒரு வயலில் நடந்தது இது. நான் கோச்சடையில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. மண்ணில் கிடைப்பதை வைத்தே படைப்பு செய்யவேண்டும் என்று பள்ளிகளுக்கிடையே போட்டி. பரிசு வாங்காவிட்டால் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அந்த வீம்பில் ஆறு மாணவிகளோடு காலையிலேயே போய் இறங்கிவிட்டேன்.

வேறென்ன செய்வோம், ஜல்லிக்கட்டுக் காளைதான்! தரையில் இருபது அடி நீளத்துக்கு வைக்கோல் உடம்பு, பனைமட்டைக் கொம்பு, செம்மண் திமில். அடேயப்பா, அப்படி ஓர் அழகு! கறுப்புத் திட்டுகளுக்காக நான்தான் மூளையைக் கசக்கி ஒரு பை பருத்திக்கொட்டை கொண்டுபோயிருந்தேன்.

குழுவில் ஒருத்தி அந்த ஊர்ப் பெண், வீட்டில் காளை வளர்ப்பவள். "வேணாம் டீச்சர். மாட்டுக்கு இதுன்னா உசிரு. வாசம் புடிச்சு வந்துரும்" என்றாள்.

"வேலையைப் பார், வாயாடாதே" என்று எல்லோர் முன்னிலும் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

நடுவர்கள் வர அரை மணி நேரம் இருந்தபோது, "ஏய், புடிங்கப்பா! கயித்த உருவிக்கிட்டு வருது!" என்று கூச்சல். நடைப்பயிற்சிக்கு ஓட்டிவந்த ஒரு நிஜக் காளை வரப்பைத் தாண்டி எங்களை நோக்கியே வந்தது. நான் ஓடத் திரும்பினேன்.

"யாரும் ஓடாதீங்க! அசையாம நில்லுங்க டீச்சர்!" என்று கத்தினாள் அந்த ஊர்ப் பெண்.

நின்றோம். காளை எங்களைச் சட்டையே செய்யவில்லை. எங்கள் படைப்பின் வயிற்றில், பருத்திக்கொட்டை பதித்த இடத்தில் வாயை வைத்து மொறுமொறுவென்று தின்ன ஆரம்பித்தது. அவள் மெல்லப் பக்கவாட்டில் போய், "போதும்டா ராசா" என்று கழுத்தைத் தடவிக்கொண்டே கயிற்றைப் பிடித்து, மூச்சிரைக்க ஓடிவந்த மாட்டுக்காரரிடம் கொடுத்தாள்.

பாதி உடம்பைக் காணோம். நான் அழுதேவிட்டேன். அவளோ குதித்தாள்: "டீச்சர், குளம்படி எம்புட்டு ஆழமா விழுந்திருக்கு பாருங்க! காளை துள்ளி ஓடுற மாதிரி மாத்திரலாம்!"

ஏழு பேரும் பறந்தோம். தலையைத் தூக்கி முன்னே வைத்தோம், வைக்கோலைச் சிதறவிட்டோம். மிதித்த தடத்தை மட்டும் தொடவே இல்லை. நடுவர் குனிந்து பார்த்து, "இந்தத் தடத்த எப்படிம்மா செஞ்சீங்க?" என்று கேட்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதல் பரிசு! கோப்பையை வாங்க அவளைத்தான் அனுப்பினேன். எல்லோர் முன்னிலும் மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க டீச்சர், உங்களுக்கு மாட்டப் பத்தி என்ன தெரியும்" என்றாள் பெருந்தன்மையாக.

ஓவிய வகுப்பு பிழைத்துவிட்டது. ஆனால், நான் அதட்டியதற்குப் பயந்து அந்தப் பெண் அதன்பிறகு வாயே திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால், இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.