அக்காவின் மூக்குக்கு ஒரு ரோஜாத் தோட்டம்

எதையும் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டேன். அது எனக்குப் பிறவி வியாதி. காய்ச்சலில் விழுந்து எழுந்த அக்காவுக்கு வாசனையே தெரியவில்லை என்றதும், ஒரு வாரம் அவள் மூக்கை நான் சும்மா விடவில்லை. காபித்தூள், கற்பூரம், மண்ணெண்ணெய் எல்லாம் காட்டினேன். ஒருநாள் பெருங்காய டப்பாவையே திறந்து நீட்டினேன். "அடப் போடி, என்னிய இன்னா எலின்னு நெனச்சிக்கினியா?" என்று தட்டிவிட்டாள்.

ஆனால் சிரிக்கிற விஷயமில்லை அது. அக்கா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, தண்டையார்பேட்டையில் மீன் விற்பவள். ஐஸில் கிடந்த மீன் கண்ணுக்குப் புதுசாகவே தெரியும், மூக்குதான் காட்டிக்கொடுக்கும். ஒருதரம் கெட்ட மீன் கைமாறினால் போதும், இருபது வருஷ வாடிக்கை போய்விடும். அதனால் விடியுமுன் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். அவள் செவுளைத் தூக்கி நீட்டுவாள், நான் முகர்ந்து தலையாட்டுவேன். பிறகு வீட்டுக்கு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தால் கண் சொக்கும். என்னைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்காது. "மூக்கு திரும்பலன்னா கடைய வுட்டுடப் போறேன்டி," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு என்று தினமும் முகரச் சொன்னார் டாக்டர். ஒரு பூ பத்தவில்லை என்றால் ஒரு தோட்டத்தையே காட்டினால் என்ன? என் புத்தி இப்படித்தான் போகும். வியாபாரம் மந்தமான ஒரு வெள்ளிக்கிழமை, விடிகாலை ரயில் பிடித்து அவளைப் பெங்களூர் ரோஜாத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். போய், பார்த்து, அன்றைக்கே திரும்பிவிடுவதாகத் திட்டம்.

அம்மாடி, எத்தனை ரோஜா! தட்டு அகலத்துக்குப் பூத்துக் கிடந்தன. மஞ்சள், ஊதா, ஒரே பூவில் இரண்டு நிறம். அக்கா நேராக முதல் செடியிடம் போனாள். கட்டைவிரலால் இதழை விலக்கி உள்ளே உற்றுப் பார்த்தாள். செவுள் பார்க்கிற பழக்கம்! காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார்.

"பூவத் தொடக் கூடாதும்மா!"

"தொடாம எப்டிய்யா நல்லதா கெட்டதான்னு பாக்கறது?"

அவர் சிரித்தே விட்டார்.

வரிசை வரிசையாகக் குனிந்து முகர்ந்தாள் அக்கா. முகம் சுண்டிக்கொண்டே வந்தது. நானும் ஒரு பூவை முகர்ந்தேன். ஒன்றுமே வரவில்லை. ஐயையோ, எனக்கும் போய்விட்டதா? தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம் ஓடினேன். நல்லவேளை, அவரும் தமிழ்தான், தர்மபுரிக்காரர்.

"இதெல்லாம் பார்வைக்கு வளக்கறதும்மா. பெருசா பூக்கணும், நாளு தாங்கணும்னு பாத்துப் பாத்து ஒட்டுக் கட்டுனாங்க. வாசம் போயிருச்சு."

"வாசமே இல்லன்னா அது எப்டிங்க ரோஜா?"

"முள்ளு இருக்குல்ல," என்றார்.

பிறகு வேலியோரம் வெளிறிய நிறத்தில் சின்னதாகப் பூத்திருந்த செடியைக் காட்டினார். "யக்கா, பன்னீர் ரோஜா!" என்று கூவி அவளை இழுத்துக்கொண்டு போனேன். நெருங்கும்போதே எனக்கு மணந்தது. அக்கா கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வருதுடி. பன்னீரு வாசன வருது."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுந்தான். நாளைலேர்ந்து நீ வராத. நல்லாத் தூங்கு."

அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். திரும்புகிற ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் அக்கா மூக்கின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஊர் நெருங்கியதும், வழக்கம்போல பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நின்றது. கால்வாய் நாற்றம் குப்பென்று ஏறியது. பெட்டி முழுக்க மூக்கைப் பொத்தியது. யாரோ ஜன்னலை அடித்துச் சாத்தினார்கள். எங்கள் ஜன்னலோரம் அக்கா மாங்காய்ப் பத்தையைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாகக்கூட முகம் சுளிக்கவில்லை. பன்னீர் ரோஜாவின் பெயரை நான்தானே முதலில் கத்தினேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுநாள் விடியுமுன் அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

"இன்னாடி, வராதன்னு சொன்னேன்ல?"

"தூக்கம் வரலக்கா."

இருவரும் காசிமேடு போய்ச் சேர்ந்தோம். முதல் கூடை இறங்கியதும் அக்கா ஒரு வஞ்சிரத்தை எடுத்துச் செவுளைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினாள்.